பொம்மைத் துப்பாக்கி நிஜம் மாதிரியே இருக்க வேண்டுமா?

லெஸ்டர்_மணி:
நேற்று என் எம்4 ராணுவத் துப்பாக்கி மாடல் வந்து சேர்ந்தது. பயப்படாதீர்கள், ஏர்சாஃப்ட்தான், பேட்டரியில் ஓடுவது, உள்ளே போவது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு, ஒன்று 0.20 கிராம் எடை. குடும்ப வாட்ஸப் குழுவில் படம் போட்டேன், அவ்வளவுதான். "நாற்பது வயசில் இதெல்லாம் தேவையா" என்று சித்தி ஆரம்பித்து வைக்க, பத்து வருடமாகப் பேசாத மாமா வரை வந்து திட்டிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் நாற்பது பேர் ஓடி ஒளிந்து சுட்டு விளையாடுகிறோம், மதியம் சேர்ந்து பர்கர் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். இதில் யாருக்கு என்ன கெட்டுப்போனது?

மெரினாபலூன்:
ப்ரோ செம! என்ன விலை? சென்னைக்கு யாராவது வந்தால் கொடுத்துவிட முடியுமா?

ஒகையோகாரன்:
மணி, விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அது நிஜத் துப்பாக்கி மாதிரியே இருப்பதுதான் பிரச்சினை. அமெரிக்காவில் நான் இருக்கும் ஒகையோ மாநிலத்தில், கிளீவ்லாந்தில், 2014 நவம்பர் 22 அன்று டமீர் ரைஸ் என்ற 12 வயதுப் பையன் பூங்காவில் இதே மாதிரி ஒரு ஏர்சாஃப்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். போலீசுக்கு போன் செய்தவரே அது பொம்மையாக இருக்கலாம், ஆள் சிறுவனாக இருக்கலாம் என்று சொன்னார். அந்த வார்த்தை காரில் வந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வண்டி நின்று இரண்டு நொடிக்குள் சுட்டுவிட்டார்கள், மறுநாள் பையன் இறந்துபோனான். பொம்மை என்று காட்ட துப்பாக்கி முனையில் இருக்க வேண்டிய ஆரஞ்சு மூடி அதில் இல்லை.

லெஸ்டர்_மணி:
அண்ணே, அந்தச் செய்தி யாருக்கும் மறக்காது. ஆனால் அது அமெரிக்கக் கதை. இங்கே இங்கிலாந்தில் 2007 அக்டோபரிலிருந்தே நிஜம் போலத் தெரியும் போலித் துப்பாக்கியை யாருக்கு வேண்டுமானாலும் விற்றுவிட முடியாது. நான் விளையாடுகிறவன் என்று கடைக்காரரிடம் காட்ட வேண்டியிருந்தது: காப்பீடு உள்ள ஒரு மைதானத்தில் மூன்று ஆட்டம், அதுவும் முதல் ஆட்டத்துக்கும் கடைசி ஆட்டத்துக்கும் குறைந்தது 56 நாளாவது இருக்க வேண்டும், அப்புறம்தான் பதிவு எண். 18 வயது ஆகாதவருக்கு விற்பதே குற்றம். குண்டு பாயும் சக்திக்கும் வரம்பு உண்டு, தொடர்ந்து சுடுவது என்றால் 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுவது என்றால் 2.5. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் குண்டின் வேகம் அளக்கும் கருவியில் சுட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. தீபாவளிக்குக் கையில் ராக்கெட் பிடித்து விட்டவர்கள் நாம், இதைப் பார்த்தா பயப்படுகிறோம்?

சாங்கி_செல்வன்:
சிங்கப்பூரில் இந்த விவாதமே கிடையாது. சுங்கத்திலேயே கதை முடிந்துவிடும் :)

ஒகையோகாரன்:
நான் கேட்காத கேள்விக்கு அழகாகப் பதில் சொல்லியிருக்கிறாய் தம்பி. ஜூல் கணக்கு குண்டு படுகிறவனுக்கு. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஜூல் தெரியாது. அதே 2014 ஆகஸ்டில், இதே ஒகையோவில், ஜான் கிராஃபோர்ட் என்ற 22 வயதுக்காரர் ஒரு பெரிய கடையில் விற்பனைக்கு வைத்திருந்த காற்றுத் துப்பாக்கியை அலமாரியிலிருந்து எடுத்துக் கையில் வைத்தபடி போனில் பேசிக்கொண்டு நடந்தார். வேறொரு வாடிக்கையாளர் போலீசைக் கூப்பிட்டார். கடைக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். கொடுமை என்னவென்றால், நிஜத் துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துக்கொண்டு நடப்பது இந்த மாநிலத்தில் சட்டப்படி சரி.

ஆரஞ்சு மூடிச் சட்டம் 1988லேயே வந்தது. என்ன பயன்? இரண்டு நிமிடத்தில் கழற்றிவிடலாம். சின்ன உலோகக் குண்டு சுடும் சாதாரண பிபி, பெல்லட் காற்றுத் துப்பாக்கிகளுக்கு அதிலிருந்தும் விலக்கு. கலிஃபோர்னியா 2016 முதல் பளிச்சென்ற நிறம் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்கிறது.

டொரோன்டோ_வாணி:
நான் சண்டை பிடிக்க வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியன் இலைப்பச்சை உடுப்புப் போட்டு, உந்தச் சாமானைத் தோளில் கொழுவிக்கொண்டு காருக்குப் போனான். கையில் இருந்த பால் பெட்டியை அப்படியே கீழே போட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் ஆமிச் சோதனைச் சென்றியில் வரிசையில் நின்று வளர்ந்தவர்களுக்கு அது பிளாஸ்டிக்கா இரும்பா என்று பார்க்கிற நேரம் கிடைக்காது, உடம்பு முந்திவிடும். அவன் நல்ல பெடியன், வந்து துடைத்தும் தந்தான். தம்பி மணி, விளையாடுங்கோ. காட்டுக்குள் விளையாடுங்கோ.

லெஸ்டர்_மணி:
அக்கா, உங்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இனி கார் வரைக்கும் பையில்தான்.

ஒகையோ அண்ணனுக்கு ஒன்று. இந்த விளையாட்டு எங்கே பிறந்தது? 1970களில் ஜப்பானில். சாதாரண ஆள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளவே முடியாத நாடு, அதனால்தான் அச்சு அசலாகப் பொம்மை செய்தார்கள். 1991ல் டோக்கியோ மருய் என்ற நிறுவனம் ஃபமாஸ் என்ற பிரெஞ்சு ராணுவத் துப்பாக்கி மாடலில் மின்சாரத் துப்பாக்கி கொண்டுவந்த பிறகுதான் இது இப்படிப் பரவியது. அங்கே இன்றைக்கும் பிளாஸ்டிக் ஏர்சாஃப்டுக்கு நிறம் அடிக்கச் சொல்லும் சட்டம் இல்லை, சக்தி மட்டும் 0.98 ஜூலைத் தாண்டக் கூடாது. அங்கே உங்கள் டமீர் கதை நடக்கவில்லையே, ஏன்? தெருவில் நிஜத் துப்பாக்கி இல்லை, அதனால் பொம்மையைப் பார்த்தால் பொம்மை என்றுதான் தோன்றும். கோளாறு உங்கள் ஊர் நிஜத்தில் இருக்கிறது, என் பொம்மையில் இல்லை.

ஒகையோகாரன்:
இது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் ஊர் ஜப்பான் இல்லையே? லண்டனில் யாரோ துப்பாக்கியோடு நிற்கிறார் என்று போன் போனால் ஆயுதம் ஏந்திய போலீஸ்தான் வரும். காரணமில்லாமல் பொது இடத்தில் போலித் துப்பாக்கியோடு போவது அங்கேயும் குற்றம்தானே?

லெஸ்டர்_மணி:
குற்றம்தான். இதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். போன மாதம் வாடகைத் துப்பாக்கி ஒன்றைத் தெரியாமல் டிக்கியிலேயே விட்டுவிட்டேன். காய்கறி வாங்கி வந்து டிக்கியைத் திறந்தால் வெண்டைக்காய்ப் பைக்குப் பக்கத்தில் அது படுத்திருக்கிறது. பின்னால் ஒரு அம்மா ட்ராலியோடு நிற்கிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ட்ராலியை மட்டும் மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். வீடு வரும்வரை கண்ணாடியில் போலீஸ் வண்டி தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டொரோன்டோ_வாணி:
இங்கே இன்னொரு கூத்து. கனடாவில் நிஜம் போல இருந்து சக்தி குறைவென்றால் அது தடைசெய்த போலி. குண்டின் வேகம் செக்கனுக்கு 366 அடியைத் தாண்டினால் அந்தத் தடை இல்லையாம். பலமானதுக்குத்தான் மரியாதை!

ஒகையோகாரன்:
ஹா. சரி மணி, ஒரே கேள்வி. உங்கள் ஊரில் 51 சதவீதம் பளிச் நிறம் அடித்தது கிடைக்குமே, பாதி நீலம் பாதி கறுப்பு. அந்த மூன்று ஆட்டம், பதிவு ஒன்றும் வேண்டாம். அதே குண்டு, அதே தூரம், அதே ஓட்டம். ஏன் வாங்கவில்லை?

லெஸ்டர்_மணி:
நீலத்தைக் காட்டுக்குள் ஒரு மைலுக்கு அப்பாலிருந்தே பார்த்துவிடுவான்.

ஒகையோகாரன்:
காட்டுக்குள் போனதும் மேலே துணி சுற்றிக்கொள். நிஜக் காரணத்தைச் சொல்.

லெஸ்டர்_மணி:
...நிஜம் மாதிரி இருப்பதுதான் பிடித்திருக்கிறது. கையில் எடுத்தால் அந்தக் கனம், குண்டு நிரப்பிய மேகசின் உள்ளே போய் உட்காரும் சத்தம். மெரினாவில் பலூன் சுடும்போது கூட, துப்பாக்கி எடையாக இருக்கும் கடையைத்தான் தேடிப் போவேன். பாதி ஆட்டம் அதில்தான் இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீலத்தில் இருந்தால் விளையாடியே இருக்க மாட்டேன்.

ஒகையோகாரன்:
இதைத்தான் முதல் பதிவிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மெரினாபலூன்:
அந்த நீலம் என்ன விலை ப்ரோ?