புதுப்பிப்பு: ஃபார்ம் மெயில் இப்போது ஒழுங்காக வருகிறது

எங்கள் வெப்சைட்டின் தொடர்பு ஃபார்மில் சப்மிட் அழுத்தினால் "நன்றி, அனுப்பப்பட்டது" என்று காட்டுகிறது, ஆனால் சிலருடைய மெயில் மட்டும் வந்து சேருவதே இல்லை என்று முன்பு கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது.

கோளாறு ஃப்ரம் (அனுப்புநர்) முகவரியில். டெம்ப்ளேட்டோடு வந்த பிஎச்பி கோடு, நிரப்புகிறவரின் மெயில் ஐடியையே ஃப்ரமில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. காணாமல் போனவற்றில் யாஹூ ஐடிகள்தான் அதிகம். யாஹூ 2014-லேயே தன் டிமார்க் கொள்கையை (தன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று வாங்கும் சர்வர்களுக்குச் சொல்வது) 'ரிஜெக்ட்', அதாவது நிராகரி, என்று வைத்துவிட்டது. அந்த முகவரியைப் போட்டு நம் சர்வர் அனுப்பினால், வாங்கும் பக்கம் போலி என்று தள்ளிவிடும். நியாயம்தானே!

இப்போது ஃப்ரமில் எங்கள் டொமைன் முகவரி, ரிப்ளை-டூவில் நிரப்பியவர் முகவரி. பதில் நேராக அவருக்கே போகிறது. பிஎச்பியின் மெயில் ஃபங்ஷனையும் விட்டாயிற்று. அது 'ட்ரூ' என்று சொன்னால் சர்வர் வாங்கிக்கொண்டது என்றுதான் அர்த்தம், போய்ச் சேர்ந்தது என்றல்ல. பிஎச்பிமெயிலர் என்ற லைப்ரரி வைத்து, மெயில் சர்வரின் 587 போர்ட்டில் லாகின் செய்து எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) வழியாக அனுப்புகிறேன். டொமைனின் டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப் (எங்கள் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி) ரெக்கார்டுகளும் சேர்த்தபின் ஸ்பாமில் விழுவது நின்றது.

"டேட்டாபேஸிலும் ஒரு காப்பி வையுங்கள்" என்று இங்கே ஒருவர் சொன்னாரே, வந்ததிலேயே உருப்படியான யோசனை அதுதான். மெயில் என்றைக்கு வேண்டுமானாலும் மக்கர் பண்ணும்.

கேப்சா (நிரப்புவது மனிதரா என்று சோதிக்கும் புதிர்) போடவில்லை. சிஎஸ்எஸ்ஸால் மறைத்த ஒரு வெற்றுக் கட்டம் இருக்கிறது. அதை நிரப்பி வருவது பாட் (தானாக நிரப்பும் ப்ரோகிராம்), அப்படியே குப்பைக்கு. ஃபைல் இணைப்பு வசதி மட்டும் பாக்கி.