பல் மருத்துவக் கல்லூரிக்கு மலையிலிருந்து கணினி உதவி: அனுபவப் பகிர்வு

கோத்தகிரி உறுப்பினர்:

சமவெளியில் உள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு, கோத்தகிரியில் என் வீட்டில் இருந்தபடியே கணினி உதவியும் இணையவழிக் கற்றல் உதவியும் செய்துவருகிறேன். கல்லூரி என்னை நேரடியாக நியமிக்கவில்லை. அது ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது, நான் அந்த நிறுவனத்தின் ஊழியன். மாணவருக்குப் பாஸ்வேர்டு மறந்துபோனாலும், பேராசிரியரின் காணொளி ஏறாமல் நின்றாலும், தேர்வுப் பக்கம் திறக்காவிட்டாலும் அழைப்பு எனக்குத்தான் வரும். அந்தக் கல்லூரியின் வாசலை இன்றுவரை நான் மிதித்ததில்லை.

முதல் ஆண்டில் நான் செய்த பிழை ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். ஒரு பேராசிரியர் வினாத் தொகுப்பு ஒன்றை அனுப்பி, மூடுல் என்னும் இணையவழிக் கற்றல் தளத்தில் தேர்வாக ஏற்றித் தரச் சொன்னார். அதில் ஒரு பகுதி அமெரிக்க முறையில் எழுதப்பட்ட கேள்விகள். நம் கல்லூரிகளில் ஒவ்வொரு பல்லையும் இரண்டு இலக்கங்களால் குறிக்கிறார்கள். முதல் இலக்கம் வாயின் நான்கு பகுதிகளில் எது என்பதையும், அடுத்த இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் சொல்லும். ஆகவே 14 என்றால் மேல்தாடையின் வலப்புறத்து முதல் முன்கடைவாய்ப் பல். அமெரிக்காவிலோ 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணிக்கொண்டு போவார்கள். அந்த வரிசையில் 14 என்பது மேல்தாடையின் இடப்புறத்து முதல் கடைவாய்ப் பல், அதாவது நம் முறையில் 26. எனக்கு அப்போது இந்த இரண்டு முறைகளும் தெரியாது. விடை தவறாக இருக்கிறது என்று மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக டிக்கெட் (உதவி கேட்கும் பதிவு) போட்டபோது, நான் அனுப்பப்பட்ட கோப்பைத் திறந்து, திரையில் உள்ள விடையும் கோப்பில் உள்ள விடையும் ஒன்றாக இருப்பதைச் சரிபார்த்து, "கோப்பில் உள்ளபடியே ஏற்றப்பட்டுள்ளது" என்று பதில் எழுதி ஒவ்வொன்றையும் முடித்துவைத்தேன். அந்த மாத அறிக்கையில் என் பெயருக்கு நேரே ஒரு குறைகூட இல்லை, ஏனென்றால் எல்லா டிக்கெட்டும் குறித்த நேரத்துக்குள் முடிக்கப்பட்டிருந்தன. சரியான பல்லைச் சொன்ன மாணவர்களோ மதிப்பெண் இழந்திருந்தார்கள்.

துறைத் தலைவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது கோபப்படவில்லை. "தம்பி, எட்டில் முடியும் வாய் இது, ஒன்பதும் பூச்சியமும் எங்கள் கணக்கில் வராது" என்று மட்டும் சொல்லி, பல் வரைபடம் ஒன்றை அனுப்பிவைத்தார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பெரும் சாவியாக அமைந்தது. நம் முறையில் ஒவ்வொரு பகுதியிலும் எட்டுப் பற்கள்தான். ஆகவே 9, 10, 19, 20, 29, 30 ஆகிய எண்களில் ஏதேனும் ஒன்று ஒரு தொகுப்பில் தென்பட்டால் அது அமெரிக்க வரிசை என்று உடனே தெரிந்துவிடும், ஏற்றும் முன்பே ஆசிரியரிடம் கேட்டுவிடலாம். அந்த வரைபடத்தை அச்செடுத்துத் திரைக்கு அருகே சுவரில் ஒட்டினேன். முதலாண்டுப் பல் உடற்கூற்றியல் குறிப்புகளையும் கேட்டு வாங்கி, மூன்று மாதம் இரவில் உட்கார்ந்து படித்தேன். நிறுவனம் இதற்கெல்லாம் பயிற்சி தரவில்லை. தர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு துறைக்கு வெளியிலிருந்து உதவி செய்பவனுக்கு அந்தத் துறையின் சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும்.

இதுபோன்ற பணியில் இருப்பவர்களும், எங்களைப் போன்றவர்களிடம் உதவி கேட்டவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதினால் நன்றாக இருக்கும்.

குன்னூர் உறுப்பினர்:

நான் உதவி கேட்கும் பக்கத்தில் இருப்பவள். பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தபோது குன்னூர் வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் துறையில் ஊரடங்கு உண்டாக்கிய இடைவெளியை மற்றவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். பல்லைக் குடையும் ஏரோட்டர் கருவி சுழலும்போது எழும் நீர்த்திவலைகளால் தொற்று பரவும் என்ற அச்சத்தில் அவசரச் சிகிச்சைகள் தவிர மற்றவை நின்றுபோயின. கையால் கற்க வேண்டிய பாடங்களைத் திரையில் கற்பிக்கும் நிலை வந்தது.

முதலாண்டில் மாணவர்கள் மெழுகுக் கட்டியில் பல்லைச் செதுக்கிப் பழகுவார்கள். நான் சமையலறை மேசையில் அமர்ந்து, கைப்பேசியின் முன்பக்கக் கேமராவை எனக்கு எதிரே நிறுத்தி, மேல்தாடை வலப்புற நடு வெட்டுப் பல்லை, அதாவது 11-ஐ, முழுவதுமாகச் செதுக்கிக் காட்டிப் பதிவு செய்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் உதவி மையத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். காணொளி ஏறிவிட்டது என்று சொல்லத்தான் அழைக்கிறார் என்று நினைத்தேன். அவரோ, "மேடம், உங்கள் பக்கத்தில் இருக்கும் மெழுகுப் பெட்டியில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிகிறது, அது பரவாயில்லையா?" என்று கேட்டார்.

எனக்கு உடல் ஒருமுறை குளிர்ந்துவிட்டது. வலப்புற வெட்டுப் பல்லைக் கண்ணாடியில் காட்டினால் அது இடப்புற வெட்டுப் பல்லாகிவிடும். நடுக்கோட்டை நோக்கிய முனை ஏறக்குறையச் செங்கோணமாகவும், விலகிய முனை சற்று உருண்டும் இருக்க வேண்டும். என் காணொளியில் அவை இரண்டும் இடம் மாறியிருந்தன. அதைப் பார்த்துச் செதுக்கும் மாணவர் அனைவரும் மிகுந்த கவனத்துடன் 21-ஐச் செதுக்கி, 11 என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பெண்ணுக்குப் பல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவரே சொன்னார். ஆனால் ஏற்றுவதோடு வேலை முடிந்தது என்று எண்ணாமல் காணொளியைப் பார்த்திருக்கிறார். அவரே அதை இடவலம் திருப்பி அன்றிரவே ஏற்றித் தந்தார்.

அடுத்த ஆண்டு ஒப்பந்தம் வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பின் நான் அழைத்த ஒவ்வொரு முறையும் ஒரு புதிய குரல். எதைச் சொன்னாலும், பிரவுசரை மூடித் திறங்கள் என்பதில்தான் தொடங்குவார்கள். ஏரோட்டர் என்றால் என்ன என்பதிலிருந்து விளக்க வேண்டியிருக்கும். உதவி மையத்துப் பிள்ளைகள் மீது எனக்கு வருத்தமில்லை; அவர்கள் ஒரே வேளையில் வங்கிக்கும் பள்ளிக்கும் பல் மருத்துவக் கல்லூரிக்கும் பதில் சொல்பவர்கள். குறைந்த விலையை மட்டும் பார்த்து ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் கைமாற்றுபவர்கள் மீதுதான் வருத்தம். முன்பு எங்கள் கல்லூரியிலேயே ஒரு கணினிப் பணியாளர் இருந்தார். அவருக்குப் புதிய மென்பொருள்கள் பல தெரியாதுதான், ஆனால் எந்தத் துறைக்கு எந்த வாரம் செய்முறைத் தேர்வு என்பது மனப்பாடமாகத் தெரியும்.

பந்தலூர் உறுப்பினர்:

குன்னூர் அம்மா எழுதியதைப் படித்தபோது நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்த ஊரடங்கில் நான் முதலாண்டு மாணவி. எங்கள் வீடு பந்தலூரை அடுத்த தேயிலைத் தோட்டத்தில் லைன் வீடு. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. தேயிலைக் காட்டின் மேட்டில், இலை எடை போடும் கொட்டகைக்கு அருகே நின்றால் இரண்டு கோடு வரும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் எங்கள் பக்கம் நாள்கணக்கில் விடாது. குடையைத் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு வகுப்புக் கேட்டிருக்கிறேன். பொழுது சாய்வதற்குள் யானைக்குப் பயந்து வீடு திரும்பியாக வேண்டும்.

உதவி மையத்துக்கு நான் முதலில் அழைத்தது ஓடிபி வராததற்காக. எனக்குக் குறுஞ்செய்தி வந்து சேர்வதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். மூன்று பேரிடம் சொல்லியும், "உங்கள் நெட்வொர்க் பிரச்சினை" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. நான்காவதாகப் பேசிய அண்ணன் மட்டும், "நீங்கள் இப்போது எங்கே நின்றுகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. நான் சொன்னதும், ஓடிபியை மின்னஞ்சலுக்கு வரும்படி மாற்றினார். மூடுல் செயலியில் பாடங்களை முன்கூட்டியே இறக்கி வைத்து, சிக்னல் இல்லாத இடத்தில் பார்க்கும் வசதி இருப்பதைக் காட்டிக் கொடுத்தார். பெரிய காணொளிகளுக்கு 360பி அளவில் ஒரு சிறிய பிரதியையும் சேர்த்து ஏற்றும்படி ஆசிரியர்களிடம் எடுத்துச் சொல்வதாகவும் கூறினார். சொன்னபடியே இரண்டு வாரத்தில் அந்தப் பிரதிகள் வந்தன. அதன்பின் மேட்டில் அரை மணி நேரம் நின்றால் போதும், மீதியை வீட்டில் அடுப்பருகே அமர்ந்து படித்தேன்.

ஒரு காரியம் மட்டும் எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஒருநாள் உள்மதிப்பீட்டுத் தேர்வு காலை 10 மணிக்குத் திறக்கும் என்று பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது. 10.05 ஆகியும் திறக்கவில்லை. "10 மணிக்குத் திறக்கும்" என்றே காட்டியது. என் கைப்பேசியில் நேரம் தவறு என்றார்கள். மதியம் வரை மழையில் நின்றேன். பிறகு தேர்வு தள்ளிவைக்கப்பட்டது என்றார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை.

உதகை உறுப்பினர்:

நானும் இத்தகைய ஒப்பந்தப் பணியில் இருப்பவன். கோப்புகளும் சர்வரும் என் பொறுப்பு. ஒருமுறை முதுநிலை மாணவர் ஒருவர், தம் கோப்பு ஏறவில்லை, அளவு வரம்பை உயர்த்துங்கள் என்று கேட்டார். தாடையின் முப்பரிமாணப் படமான சிபிசிடி கோப்பு அது, சில நூறு எம்பி இருந்தது. வரம்பை உயர்த்துவது இரண்டு நிமிட வேலை. சோதித்துப் பார்க்கத் திறந்தபோது நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் திரையில் வந்தன. மருத்துவப் படங்களுக்கான டைகாம் வகைக் கோப்பில் படத்தோடு இந்த விவரங்களும் உள்ளேயே பதிந்திருக்கும். கோப்பின் பெயரை மாற்றுவதால் அவை அழிவதில்லை. அது வகுப்பு முழுவதும் இறக்கிக்கொள்ளக்கூடிய பக்கத்துக்குப் போகவிருந்தது.

நான் ஏற்றுவதை நிறுத்தி, விவரங்களை நீக்கிய பின்பே அனுமதிப்பேன் என்று எழுதினேன். கருத்தரங்கு தாமதமாகிறது என்று வழிகாட்டிப் பேராசிரியருக்குக் கடும் கோபம். ஒப்பந்தக்காரன் எங்களுக்குப் பாடம் சொல்வதா என்றார். அந்தச் சொல் வலித்தது. ஆயினும் அந்த நோயாளி தன் பல்லைக் காட்டியது மருத்துவரிடம். என்னைப் போன்ற ஒருவன் மலைமேல் அமர்ந்து அந்தப் படத்தைத் திறக்கிறான் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அது வராமல் இருந்தாலும் நான் அப்படியே செய்திருப்பேன். இப்போது அந்தத் துறையிலேயே பெயர் நீக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். பெயர் படத்தின் மேலேயே அச்சாகியிருக்கும் ஓபிஜி எக்ஸ்ரேக்களை, அதாவது இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரேக்களைத்தான் இன்னும் கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கோத்தகிரி உறுப்பினர்:

பந்தலூர்த் தங்கைக்கு: உங்கள் கைப்பேசியில் தவறு இருந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் கல்லூரியில் நடந்தது எனக்குத் தெரியாது, ஆனால் எங்களிடம் அச்சு அசலாக அதே நிகழ்ச்சி நடந்தது. சர்வரை வேறிடத்துக்கு மாற்றியபோது அதன் நேர மண்டலம் உலகப் பொது நேரத்துக்குப் போய்விட்டது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஆசிரியர் 10 என்று குறித்தார், பக்கமும் 10 என்றே காட்டியது, ஆனால் சர்வரின் 10 மணி நமக்குப் பிற்பகல் 3.30. நேர மண்டலத்தைத் திருத்தினால் மட்டும் போதாது. முன்பே குறித்த தேர்வுகள் எல்லாம் 3.30 என்று மாறி நிற்கும், ஒவ்வொன்றையும் மறுபடி 10-க்குக் கொண்டுவர வேண்டும். மழையில் நின்ற உங்களுக்கு அன்றே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

குன்னூர் அம்மா சொன்ன, குரல் மாறிக்கொண்டே இருக்கும் குறைக்கு எங்கள் குழுவில் நாங்களாகவே ஓர் ஏற்பாடு செய்தோம். இந்தக் கல்லூரிக்கென்று இரண்டு பேர் மட்டும். நான் கோத்தகிரியில், மற்றவர் கூடலூரில். ஜூன், ஜூலை மழையில் அவர் பக்கம் மின்சாரமும் இணையமும் போனால் நான் பார்த்துக்கொள்வேன். வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் கொட்டி, மண் சரிந்து கேபிள் அறுந்து நான் துண்டிக்கப்படும் நவம்பரில் அவர் பார்த்துக்கொள்வார். நீலகிரியில் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கிய 2009 நவம்பர் மழையைக் கண்ணால் கண்டவன் என்பதால் இதை நிறுவனத்திடம் வற்புறுத்திக் கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். ஒப்பந்தம் கைமாறினாலும் பயன்படட்டும் என்று, ஒவ்வொரு துறையின் செய்முறைத் தேர்வு வாரம், பல் எண் முறை, அடிக்கடி வரும் சொற்கள் ஆகியவற்றைத் தமிழிலேயே ஒரு குறிப்பேடாக எழுதிவருகிறோம். அதன் ஒரு பிரதி கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறது. நோயாளி விவரம் பற்றி உதகை நண்பர் எழுதியதும் அதில் உடனே சேர வேண்டியது. செய்முறைக் காணொளி எது வந்தாலும், ஏற்றும் முன் அதில் தெரியும் எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பதை இன்று காலை முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.