புறங்கையில் சிலிகான் பதிக்கலாமா?

பாலக்கோடு_பிறை:
ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 24. புறங்கைத் தோலுக்கு அடியில் பிறை வடிவில் சிலிகான் பதித்துக்கொள்ள ரொம்ப நாளாக ஆசை. பச்சை குத்தினால் வெறும் கோடுதான். இது தோலே மேடு தட்டி நிற்கும், வெளிச்சம் சாய்வாக விழுந்தால் நிழலோடு தெரியும். பெங்களூரில் ஒருவர் செய்துதருகிறேன் என்கிறார். மரத்துப்போகும் ஊசியும் அவரே போடுவாராம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மூக்கு குத்தியபோது ஒன்றும் ஆகவில்லை. காதில் இரண்டாவது துளை போட்ட இடம் மட்டும் மொச்சைக்கொட்டை அளவுக்குத் தடித்து நின்றுவிட்டது. செய்யலாமா?

தகடூர்_நர்ஸ்:
கண்ணு, அந்தக் காதுதான் எனக்குக் கவலை. அது கீலாய்டாக இருக்கலாம். காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பு அது, நம் நிறத் தோலில் அதிகம் வரும். வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். கையிலும் அப்படி வந்தால் உன் பிறை அந்தத் தடிப்புக்குள் போய்விடும்.

ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்ப்பதால் சொல்கிறேன், இது சின்ன வேலை இல்லை. தோலைக் கீறி, அடியில் பை மாதிரி பிரித்து, துண்டைச் செருகித் தையல் போட வேண்டும். புறங்கையில் தோல் மெல்லிசு, கீழேயே நரம்பும் தசைநாணும் ஓடுகின்றன. சிலிகானுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அதில் ஒட்டிக்கொண்டால் மாத்திரை மட்டும் போதாது, பெரும்பாலும் துண்டையே எடுக்க வேண்டிவரும். மரத்துப்போகும் ஊசி அளவு மீறினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பும் தடுமாறும். டாக்டர் இல்லாத இடத்தில் அந்த ஊசிக்குக் கை நீட்டாதே. 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளந்துவிட்ட டாட்டூ கடைக்காரரைக் கைது செய்து, கடைக்கு சீல் வைத்தது நினைவிருக்கிறதா?

சூளகிரி_சதீஷ்:
நான் கழுத்தெலும்புக்குக் கீழே டெர்மல் (தோலில் ஒரே துளையில் பதிக்கும் நகை) போட்டிருந்தேன். அடித்தகடு டைட்டானியம், அதிலுள்ள ஓட்டை வழியே சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும். கல் தோலில் முளைத்த மாதிரி அவ்வளவு அழகு! ஆனால் தலை துவட்டும் துண்டில் மாட்டி மாட்டி, உடம்பே அதை மெல்ல வெளியே தள்ளிவிட்டது. இப்போது அங்கே சின்ன வடு இருக்கிறது.

பாலக்கோடு_பிறை:
நன்றி அக்கா. வேலையில் நாள் முழுக்க இறுக்கமான கையுறை போடணும். அதனால் ஏதாவது ஆகுமா?

தகடூர்_நர்ஸ்:
ஆகும். ஓயாமல் அழுத்தினால் மேல்தோல் தேய்ந்து துண்டு வெளியே எட்டிப் பார்க்கும். முதலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் காதைக் காட்டு. கீலாய்டு என்றால் பச்சையும் வேண்டாம், அந்த ஊசிக் காயமே போதும் அதைக் கிளப்பிவிட. பெங்களூருக்கு முன்பணம் எதுவும் அனுப்பிவிடாதே.