பித்தக்குழாய்ச் சுருக்கம்: பலூன் போதுமா, ஸ்டென்ட் வேண்டுமா?

மோல்மேன் தம்பி:
அக்காவுக்குப் பி.எஸ்.சி. (பிரைமரி ஸ்க்ளீரோசிங் கோலாஞ்சைட்டிஸ்) என்கிற நோய். கல் எதுவும் இல்லை. பித்தக்குழாய்கள் வீங்கித் தழும்பேறிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிற நாள்பட்ட நோய். எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் பெரிய குழாயில் ஓர் இடம் ரொம்பக் குறுகலாகத் தெரிகிறது. கண் மஞ்சளாகிவிட்டது, அரிப்பில் ராத்திரி தூக்கமே இல்லை. ரங்கூன் டாக்டர் ஈ.ஆர்.சி.பி. (வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பித்தக்குழாய்க்குள் செய்கிற சிகிச்சை) செய்து பிளாஸ்டிக் ஸ்டென்ட், அதாவது சின்னக் குழல், வைக்கலாம் என்கிறார். சென்னையில் இருக்கும் மாமா, பலூனால் விரித்துவிட்டால் போதும், ஸ்டென்டுக்கு ஒத்துக்கொள்ளாதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பகோக்காரன்:
ஸ்டென்ட்தான் தம்பி. பலூன் விரித்த இடம் தழும்பு. காற்றை இறக்கியதும் திரும்பச் சுருங்கப் பார்க்கும். உள்ளே குழல் இருந்தால் பித்தம் வடிந்துகொண்டே இருக்கும். எங்கள் அப்பாவுக்குக் கணையக் கட்டியால் அடைப்பு வந்தபோது ஸ்டென்ட் வைத்துத்தான் மஞ்சள் இறங்கியது, அரிப்பும் நின்றது.

நர்ஸ் அக்கா:
அண்ணே, கட்டி வெளியிலிருந்து அழுத்துகிற அடைப்பு வேறு, இது வேறு. பி.எஸ்.சி.யில் ஒரு இடம் மட்டும் கெடுவதில்லை, மேலே கிளைக்குழாய்களும் சுருங்கியிருக்கும். அங்கே தேங்கிக் கிடக்கிற பித்தத்தில் கிருமி சுலபமாகப் பிடிக்கும். ஐரோப்பாவில் இதே கேள்விக்காக 65 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ஸ்டென்டை அதிகபட்சம் இரண்டு வாரம்தான் உள்ளே விட்டார்கள். அப்படியும் சிகிச்சையால் வந்த கடுமையான சிக்கல் ஸ்டென்ட் பிரிவில் 45 சதவீதம், பலூன் பிரிவில் 7 சதவீதத்துக்கும் கீழே. கணைய அழற்சியும் பித்தக்குழாய்த் தொற்றும்தான் முக்கியமாக. சுருக்கம் திரும்ப வந்ததில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

பகோக்காரன்:
65 பேர்! அதையும் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதை வைத்து எல்லாருக்கும் தீர்ப்பு எழுத முடியுமா? இன்னொன்றும் யோசியுங்கள். பலூன் மறுபடி மறுபடி தேவைப்படும். ஒவ்வொரு தடவையும் ஈ.ஆர்.சி.பி., ஒவ்வொரு தடவையும் கணையம் வீங்குகிற பயம், செலவு. மோல்மேனிலிருந்து ரங்கூன் 300 கிலோமீட்டர். இந்தக் காலத்தில் வழியெல்லாம் சோதனைச்சாவடி. தள்ளி இருக்கிறவர்களுக்கு ஒரே தடவையில் முடிகிற காரியம்தானே நல்லது?

நர்ஸ் அக்கா:
ஒரே தடவையில் முடியாது, அதுதான் விஷயமே. பலூனுக்கு அடுத்த ஈ.ஆர்.சி.பி. தேவைப்பட்டால் மட்டும். பிளாஸ்டிக் ஸ்டென்டுக்கு அடுத்தது கட்டாயம், உள்ளே வைத்ததை எடுத்தாக வேண்டும். கிருமிப் படலமும் பித்தக் கசடும் சேர்ந்து குழலை அடைக்கும். நீங்கள் சொன்ன அதே சோதனைச்சாவடியால் எடுக்க வேண்டிய நாள் தள்ளிப்போய், குளிர்காய்ச்சலில் நடுங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தூரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் ஸ்டென்ட் அதிக ஆபத்து.

தட்டோன் வாசகர்:
கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுங்கள். எங்கள் வீட்டில் எல்லாக் காமாலைக்கும் அதுதான்.

நர்ஸ் அக்கா:
ஐயா, வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கும், பேர் இலைக்குப் போகும். குழாயே சுருங்கிக் கிடக்கும்போது நாள் கடத்தினால் தொற்று ரத்தத்தில் ஏறிவிடும். தயவுசெய்து தம்பியைக் குழப்ப வேண்டாம்.

பகோக்காரன்:
சரி, பலூனே போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேசையிலேயே பித்தம் சரியாக வடியாவிட்டால்? அப்படியே அனுப்பிவிடுவார்களா?

நர்ஸ் அக்கா:
அப்போது ஸ்டென்ட் வைக்க வேண்டியதுதான், அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதை எடுக்கும் வரை அக்கா ரங்கூனை விட்டு நகரக் கூடாது.

தம்பி, பலூனா ஸ்டென்டா என்பதைவிட முக்கியமான ஒன்றை இங்கே யாரும் கேட்கவில்லை. பி.எஸ்.சி. உள்ளவர்களுக்குப் பித்தக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். திடீரென்று ஓர் இடம் இப்படிச் சிறுத்தால் அது வெறும் தழும்புதானா என்று பார்க்க வேண்டும். குழாய்க்குள் போகும்போதே சின்ன பிரஷ்ஷால் சுரண்டி செல் எடுத்துச் சோதிப்பார்கள். எடுப்பார்களா என்று முன்னாலேயே கேளுங்கள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் முழுசாக நம்பிவிட முடியாது, தொடர்ந்து பார்க்க வேண்டும்.

மோல்மேன் தம்பி:
பிரஷ் பற்றி யாரும் எங்களிடம் சொல்லவேயில்லை அக்கா. வேறு என்ன கேட்கட்டும்?

நர்ஸ் அக்கா:
தொற்று வராமல் இருக்க முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் உண்டா? கணையம் வீங்காமல் இருக்க இண்டோமெத்தசின் 100 மில்லிகிராம் ஆசனவாய் வழியாக வைப்பார்களா? இரண்டும் விலை குறைந்தவை, கேட்கக் கூச்சப்படாதீர்கள். வீடு திரும்பியபின் குளிரோடு காய்ச்சலோ, முதுகுவரை இழுக்கிற வயிற்று வலியோ வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பகோக்காரன்:
தங்க இடம் வேண்டுமென்றால் சொல் தம்பி. ரங்கூனில் எங்கள் சித்தி வீடு இருக்கிறது. ஸ்டென்ட் விஷயத்தில் என் எண்ணம் இன்னும் மாறவில்லை, ஆனாலும் அந்த இரண்டு வாரமும் அக்கா அங்கேயே இருக்கட்டும்.