பெண்கள் பள்ளியில் உங்களுக்கு என்ன வேஷம்?

மேலரதவீதிக்காரி:

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் பேரனை ஒண்ணாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள், நான் படித்த அதே தொடக்கப் பள்ளியில். வாசல் பலகையில் 'பெண்கள்' என்ற சொல்லின் மேல் வெள்ளை அடித்திருந்தார்கள். ஒரு கோட்டுதான் அடித்திருப்பார்கள் போல. வெயில் விழுந்தால் எழுத்து உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறது. பிள்ளைகள் குறைந்துபோய், பையன்களையும் சேர்க்க ஆரம்பித்து ஏழெட்டு வருஷம் ஆகிறதாம். ஊர் வாயில் இன்னமும் அது 'பொம்பளப்புள்ளைப் பள்ளிக்கூடம்'தான். பேரன் அதற்காகவே தினமும் காலையில் ஒரு பாட்டம் அழுகிறான்.

நான் அங்கே சேர்ந்தது 1982இல். சத்துணவு வந்த வருஷம் என்பதால் மறக்காது. அலுமினியத் தட்டில் தாளம் போட்டுக்கொண்டே வரிசையில் நிற்போம். பையன்கள் இல்லாததால் எல்லா வேலையும் எங்களுக்குத்தான். வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பது, பெஞ்சு தூக்குவது, கொடிக்கயிறு இழுப்பது, டீச்சர் வெளியே போனால் பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதுவது, அப்புறமும் பேசினால் பக்கத்தில் 'மி.அ.' போடுவது. (மிகவும் அடங்கவில்லை. இது தெரியாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா?)

ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் நான் கட்டபொம்மன். 1798இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைப் பார்க்கப் போன காட்சி. வசனம் எங்கள் நாலாம் வகுப்பு டீச்சர் ராத்திரி உட்கார்ந்து எழுதியது. ஜாக்சன் துரை என் பக்கத்தில் உட்காருகிறவள். அவளுக்கு அண்ணனுடைய கால்சட்டையும் ஓலைத் தொப்பியும், எனக்குக் கண்மையில் மீசை. வியர்வையில் மீசை இறங்கி வாய்க்குள் போய்விட்டது. கண்மை கசக்கும், சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கசப்பை விழுங்கிக்கொண்டே வரி கொடுக்க மாட்டேன் என்று கத்தினேன். வீட்டில் "மெதுவாப் பேசுட்டி" என்று கேட்டே வளர்ந்த தொண்டை அது. அவ்வளவு சத்தம் அதற்குள் இருந்தது எனக்கே தெரியாது.

முடிந்ததும் குழாயடிக்கு முகம் கழுவ ஓடினேன். ஆச்சி கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "மீசையோட வா. நாலு பேரு பாக்கட்டும்." மேல ரத வீதி முழுக்க அப்படியே நடத்திக் கூட்டிப் போனாள்.

ஆறாம் வகுப்புக்கு இருபாலர் பள்ளி. அங்கேயும் ராஜா நாடகம் போட்டார்கள். எனக்குச் சாமரம் வீசுகிற வேலை.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

மூன்றாவது மரம்:

அக்கா, என் பெயரைப் பார்த்தாலே என் வேஷம் தெரிந்திருக்கும். ஐந்து வருஷமும் மரம்தான். வேப்பங்கொத்தைக் கையில் கொடுத்து, "நீ ஆடாம நில்லும்மா" என்பார்கள். ஆடினால் காற்று அடிக்கிற காட்சி என்று அர்த்தமாகிவிடுமாம்.

நான் படித்ததும் பெண்கள் பள்ளிதான். பாரத மாதா என்றால் ஐந்து வருஷமும் ஒரே பெண். நல்ல சிவப்பு, அப்பா ஜவுளிக்கடை. வரவேற்புரையும் அவள்தான், சந்தனத் தட்டும் அவள்தான். நாங்கள் ஏழு பேர் ஒரே தெருவிலிருந்து வருவோம். ஏழு பேரும் மரம், மலை, கூட்டம். தெருவைச் சொன்னால் சாதி தெரியும் என்பதால் தெருவைச் சொல்லவில்லை. இங்கே பலருக்குச் சொல்லாமலே புரிந்திருக்கும். பெண்கள் மட்டும் இருந்தால் எல்லோருக்கும் வாய் திறந்துவிடும் என்பது அங்கே நடக்கவில்லை. யார் வாய் என்பதைப் பொறுத்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பக்கம் ஆண்கள் பள்ளி. அங்கே அதிகாரி பார்வைக்கு வருகிற நாளில், எங்கள் பள்ளிக்குச் சீட்டு வரும்: 'நான்கு மாணவியரை அனுப்பவும்.' கோலம் போடவும் பெருக்கவும். கோலத்துக்கு ஜவுளிக்கடை வீட்டுப் பெண்ணும் இன்னொருத்தியும். விளக்குமாறு யார் கைக்கு வரும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நாங்கள் பெருக்கும்போது பையன்கள் வராந்தாவில் உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொள்வார்கள். அந்தக் கால்களைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன், மேடையை அல்ல.

டீச்சர் மகன்:

நடுவில் ஒரு ஆண் குரல், மன்னிக்கவும். எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை பையன்களையும் உட்கார வைப்பார்கள். அம்மா அங்கே டீச்சர் என்பதால் நானும் போனேன். வகுப்பில் முப்பது பெண்கள், நாங்கள் இரண்டு பையன்கள். மற்றவன் பாதியில் மாற்றலாகிப் போய்விட்டான். ஏழாங்கல்லில் நாலைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறவரைக்கும் கற்றுக்கொண்டேன். கோலாட்டத்தில் ஆள் குறைந்ததால் என்னையும் இழுத்துவிட்டார்கள். பாவாடை கட்டச் சொல்லவில்லை, அதுவரைக்கும் புண்ணியம்.

நாலாம் வகுப்பில் ஆண்கள் பள்ளி. முதல் நாளே "உனக்கு என்னடா தெரியும்?" என்று கேட்டார்கள். கோலாட்டம் என்று சொல்லித் தொலைத்தேன். எட்டாம் வகுப்பு முடியும்வரை என் பெயர் கோலாட்டம்.

கம்பிப் பந்தல்:

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை, இப்போது ஓய்வு. மூன்றாவது மரம் எழுதியதைப் படித்ததும் மனசு சங்கடமாக இருக்கிறது. கடைசி வரிசையில் யாரை உட்கார வைத்தோம் என்று நானும் எண்ணிப் பார்க்க வேண்டியவள்தான்.

செயல்வழிக் கற்றல் வந்தபோது அந்தக் கடைசி வரிசையே கொஞ்ச காலம் இல்லாமல் போனது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பாட வரிசையைக் காட்டும் ஏணிப்படிப் படத்தைப் பார்த்துப் பிள்ளையே தன் பாட அட்டையை எடுத்துக்கொள்ளும். சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். வகுப்புக்குக் குறுக்கே கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததை அதில் தொங்கவிட வேண்டும். அதற்குப் பெயர்தான் கம்பிப் பந்தல். அட்டை அடுக்கியே எங்கள் முதுகு போனது, பதிவேடு எழுதியே கை போனது. அதையெல்லாம் நாங்கள் அப்போதே திட்டித் தீர்த்துவிட்டோம். கம்பிப் பந்தலை மட்டும் நான் திட்டமாட்டேன்.

அந்த வருஷம் என்னிடம் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். பீடி சுற்றுகிற ஊர் எங்களுடையது. ஜூன் முதல் தீபாவளி வரை அவள் குரலை நான் கேட்டதில்லை. வருகைப் பதிவில் தானே குறித்துக்கொள்வாள், போய் உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் தாளில் வட்டமாக ஒன்று வரைந்திருந்தாள், உள்ளே சின்னச் சின்னக் கோடு. பூ என்று நினைத்துக் கம்பியில் மாட்டிவிட்டேன். என் பின்னாலிருந்து, "தலைகீழா மாட்டியிருக்கீய டீச்சர்" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் அவள்தான்.

அது பூ இல்லை, அவள் அம்மாவின் பீடித் தட்டு. சரியாக மாட்டிவிட்டு, என்னவென்று சொல்லு என்றேன். சொல்ல ஆரம்பித்தாள். இலையை ராத்திரியே நனைத்து வைக்கணும். தகட்டை வைத்துக் கத்தரிக்கணும், நரம்பு குறுக்கே போகக்கூடாது. தூளை அள்ளிப் போடுவது இரண்டு விரலால். உருட்டி, தலையை மடக்கி, நூல் சுற்றணும். ஒரு கட்டுக்கு இருபத்தைந்து. அவள் விரல் காற்றிலேயே சுற்றிக் காட்டியது, அவ்வளவு வேகம். கூட இருந்த பிள்ளைகள் சிரிக்கவில்லை, பாதிப் பேர் வீட்டில் அதே தட்டுதான். "எங்கம்மா நூலு சேப்பு", "எங்க வீட்ல பச்சை" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்குக் கணக்கு அட்டையை எடுக்கவில்லை. இருபத்தைந்தாம் வாய்ப்பாட்டை, பாடத்திலேயே இல்லாததை, ஆயிரம் வரைக்கும் அவர்களே எனக்குச் சொன்னார்கள்.

அந்த விரல் வேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனா, பயந்தேனா என்று கேட்டால் இரண்டும்தான். எட்டு வயசில் அந்த வேகம் சும்மா வராது. அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். "பள்ளிக்கூடம் விட்டு வந்துதான் சுத்துறா" என்றார்கள். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கிணத்தடி:

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா. எங்கட ஊரில பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எண்டது பழைய கதை. உடுவிலில் அமெரிக்க மிஷன்காரர் 1824இலேயே தொடங்கிவிட்டினம். நான் படிச்சது வேறொரு மகளிர் கல்லூரியின்ர ஆரம்பப் பிரிவில்.

மற்றவை நல்லா எழுதியிருக்கிறீங்கள். பிள்ளைகளை இல்லங்களாப் பிரிச்சு வைக்கிற இல்ல விளையாட்டுப் போட்டி, இல்ல அலங்காரம், வாணி விழா எண்ட சரஸ்வதி பூசைக்கு அவல் குழைக்கிறது எல்லாம் எங்களுக்கும் இருந்தது. ஆனா எனக்கு முதலில வாறது 1995. ஒக்டோபர் 30 இரவு, சண்டை கிட்ட வர, யாழ்ப்பாணத்தின்ர மேற்குப் பக்கத்து வலிகாமத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்டு, கிழக்கில இருக்கிற தென்மராட்சிக்கு நடந்தது. எனக்கு ஒன்பது வயது. கொஞ்ச நாளால அங்கத்தைப் பள்ளிக்கூடம் ஒன்றில பின்னேர நேரம் எங்களுக்கு வகுப்பு வைத்தினம். கட்டடம் காணாது, மாமரத்துக்குக் கீழ இருந்தோம். கொப்பி இல்லை. ரீச்சர் பழைய கணக்குப் புத்தகத்தின் வெற்றுப் பக்கங்களைக் கிழிச்சு ஆளுக்கு ரெண்டு தந்தா.

எங்கட பள்ளிக்கூடங்களில 'நான் ஒரு குடை', 'நான் ஒரு சைக்கிள்' எண்டு சுயசரிதைக் கட்டுரை எழுத விடுவினம். ரீச்சர் அண்டைக்கு, விருப்பமானதை எழுதுங்கோ எண்டா. என்ர சிநேகிதி 'நான் ஒரு கிணறு' எண்டு எழுதினாள். அவையின்ர வீட்டுக் கிணறு. தண்ணி அள்ளுற துலா அசையிற சத்தம் இல்லை, இரவில வாளி விழுகுதில்லை, ஆர் வருவினம் எண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறன், ஒரு தவளை மட்டும் இருக்குது, அதோட கதைக்கிறன். அவ்வளவுதான், பத்து வரி வராது. எழுந்து வாசிக்கச் சொன்னா ரீச்சர். வாசிச்சு முடிய அவ ஒண்டும் சொல்லேல்லை. வழமையா எழுத்துப்பிழைக்குக் காதைத் திருகிற ஆள். அந்தத் தாளை மடிச்சுத் தன்ர கைப்பைக்குள்ள வைச்சா.

அடுத்த நாள் எல்லாரும் கிணறு எழுதிக்கொண்டு வந்தோம். ஜாம் போத்தல் விளக்கில இருந்து எழுதினது. ரீச்சர் வாசிச்சுப் போட்டு, "உங்கள் ஒருதரின்ர வீட்டிலயும் வேற சாமான் இல்லையோ?" எண்டு கேட்டா. அதுக்குப் பிறகுதான் ஆட்டுக்கல்லும் தையல் மெஷினும் வந்தது.

ரெண்டு பொண்ணுக்கு அம்மா:

எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேஷமே கிடைக்கவில்லை. அம்மாவான பிறகுதான் கிடைத்தது, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. 2022இல் குழுவைப் புதிதாக அமைத்தபோது கை தூக்கச் சொன்னார்கள். கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டேன், அதைக் கை தூக்கியதாக எடுத்துக்கொண்டார்கள். முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது 2009 சட்டத்திலேயே இருக்கிறது. இருபது பேர் உட்கார்ந்தோம். முதல் இரண்டு கூட்டமும் டீயும் கையெழுத்தும்தான். ஒருத்தரும் பேசவில்லை, நானும்தான்.

பேசியது ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை. காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள் முடிந்து பிள்ளைகள் செய்தி வாசிப்பார்கள். அன்றைக்கு அவள் முறை. முதலில் நாளிதழ்ச் செய்தி. அப்புறம் அதே குரலில், "உள்ளூர்ச் செய்திகள். கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்கிறோம். நேற்று கதவைப் பிடித்தவள் மணி அடித்ததும் ஓடிவிட்டாள். செய்திகள் முடிந்தன."

சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனதாம். தலைமை ஆசிரியைக்கு முதலில் கோபம்தான் வந்தது, யார் எழுதிக் கொடுத்தது என்று விசாரணை. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கதவைப் பிடித்தவள்மேல் இருந்த கோபத்தில் அவளே சேர்த்துக்கொண்டது. அடுத்த கூட்டத்தில் நான் முதல்முறையாக வாயைத் திறந்தேன்: "அந்தத் தாழ்ப்பாள்..." இரண்டு கதவுக்கும் தாழ்ப்பாள், திருகாணியோடு சேர்த்து இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. அதை மாட்டியது குழுவில் இருந்த தச்சுவேலைக்காரர், கூலி வாங்கவில்லை. குழந்தைகள் கை எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டார். மறுநாள் கழற்றி, கீழே இறக்கி மாட்டினோம்.

மேலரதவீதிக்காரி:

தங்கச்சி மரம், நீங்கள் எழுதியதிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். நேற்று ராத்திரி எங்கள் ஜாக்சன் துரைக்குப் போன் செய்தேன். கோயம்புத்தூரில் இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்தாயிற்று. "ஏட்டி, எனக்கு எப்படிக் கட்டபொம்மன் வேஷம் கிடைச்சுது?" என்று கேட்டேன். நான் இத்தனை வருஷமும் என் குரலுக்குத்தான் கொடுத்தார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"குரலா? நீ கறுப்பு, நான் வெளுப்பு. வெள்ளைக்காரனுக்கு வேற ஆளு எங்க போக? எனக்குத்தான் முதல்ல கட்டபொம்மன். ஒரு வாரம் ஒத்திகை பாத்தேன். அப்புறம் மாத்திட்டாவ. அன்னைக்கு ராத்திரி முழுக்க அழுதேன், உனக்கெங்க தெரியும்" என்றாள். தெரியத்தான் இல்லை.

வசனம் ஞாபகம் இருக்கா என்று விளையாட்டாகக் கேட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். முழுசும், ஒரு வரி விடாமல், நான் அன்றைக்கு மேடையில் விட்டுவிட்ட இரண்டு வரியையும் சேர்த்து. பின்னால் அவள் மருமகள் "யாரு அத்தை போன்ல?" என்று பதறுவது கேட்டது. இந்தப் பக்கம் நான் துரையின் பதிலைச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, அதையும் அவளே சொன்னாள்.