புதுப்பிப்பு: டம்ளர் மெழுகுவர்த்தியில் குழி விழுந்த பிரச்சினை

வீட்டில் பாரஃபின் மெழுகை உருக்கிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஏற்றினால் நடுவில் மட்டும் குழி விழுகிறது, ஓரத்து மெழுகு உருகாமல் அப்படியே நிற்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். திரியைப் பாருங்கள் என்று பலரும் சொன்னீர்கள். அதுதான் சரி.

மெல்லிய நூல் திரிக்குப் பதிலாகத் தடித்த பருத்திப் பின்னல் திரி வாங்கி, உருகிய மெழுகில் முக்கி, விறைப்பாக இழுத்து ஆறவைத்துப் போட்டேன். சுடர் பெரிதானது, உருகிய மெழுகு விளிம்புவரை குளம்போலப் பரவியது. முதல் தடவை ஏற்றும்போது அப்படி விளிம்பைத் தொடும்வரை அணைக்காதீர்கள். பாதியில் அணைத்தால் அடுத்த முறையும் சுடர் அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே இறங்கிவிடும்.

அப்புறம், பாரஃபின் ஆறும்போது சுருங்கித் திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். கொஞ்சம் மெழுகை மிச்சம் வைத்து, மேலே இறுகியதும் திரியோரம் ஈர்க்குச்சியால் துளையிட்டு மறுபடி ஊற்றினால் மட்டமாகிவிடுகிறது.

தேன்மெழுகு கலக்கச் சொன்னவருக்கு நன்றி, மணம் அருமை. ஆனால் அது உருக 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், அதனால் திரி இன்னும் தடிமனாக இருக்கட்டும்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே உருக்குங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்.

அடுத்து வெட்டிவேர் எண்ணெய் சேர்க்கப் போகிறேன். செய்து பார்த்தவர்கள் அளவு சொல்லுங்கள்.