ஆறு மாதச் சீமெந்தை எங்கே அடுக்குவது?

கொந்தராத்து அண்ணை: போன கிழமை, கட்டட வேலைக்கு அளவும் செலவும் கணக்குப் பார்க்கும் கியூஎஸ் தம்பி இங்கே ஒரு முத்து உதிர்த்திருந்தார். 2022 தொடக்கத்திலேயே ஆறு மாத வேலைக்குத் தேவையான சீமெந்தைக் கடன்பட்டாவது வாங்கி அடுக்கியிருந்தால் சின்னக் கொந்தராத்துக்காரர் ஒருவரும் நொடித்திருக்க மாட்டாராம். அதுதான் மூலோபாய முகாமைத்துவமாம். தம்பி, சீமெந்து மூட்டையை எப்போதாவது தூக்கியதுண்டா? மூன்று மாதம் கிடந்தாலே பலம் இறங்கத் தொடங்கிவிடும். அதுவும் வெள்ளவத்தையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில்! ஆறு மாதத்தில் மூட்டையே கல். அப்படியே மதில் கட்டலாம், சாந்து தேவைப்படாது.

கியூஎஸ் தம்பி: சீமெந்து ஓர் உதாரணம், ஐயா. விலை ஏறப்போவதை முன்கூட்டிப் பார்ப்பதுதான் விஷயம். மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயைத் தளரவிட்டபோது டொலர் 200 சொச்சம், மே மாதம் 360. சீமெந்தாக அரைக்கிற கிளிங்கர் கட்டி கப்பலில் வருகிறது. இதற்குச் சாத்திரமா பார்க்க வேண்டும்?

கொந்தராத்து அண்ணை: ஆறு மாதம் என்று எழுதியது நீங்களா, நானா?

புத்தளத்தான்: கிளிங்கர் எல்லாம் கப்பலிலா? எங்கள் ஊரில் சுண்ணாம்புக்கல் தோண்டிச் சீமெந்து செய்வது கொழும்பு ஆட்களுக்குத் தெரியாது போல.

கொட்டாஞ்சேனை கம்பி: பலகை போட்டு, சுவரில் முட்டாமல் அடுக்கி, பொலித்தீன் மூடினால் நாலு மாதம் கிடக்கும். நான் வைத்திருக்கிறேன்.

கொந்தராத்து அண்ணை: நாலு. ஆறு இல்லை. நன்றி.

கொட்டாஞ்சேனை கம்பி: உங்களுக்குச் சாட்சி சொல்ல வரவில்லை அண்ணை. எனக்குத் தீர்ந்து போனது சீமெந்து இல்லை, காசு. வீட்டுக்காரரோடு முழு வேலைக்கும் ஒரே விலை பேசிக் கையெழுத்து வைத்துவிட்டேன். அரசாங்க வேலை என்றால் கட்டுமானத் துறைக்கான அரசாங்க நிறுவனமான இக்டாட்டின் சூத்திரப்படி விலையேற்றம் கேட்கலாம். எனக்கு யார் தருவார்?

கியூஎஸ் தம்பி: இக்டாட் இப்போது இல்லை. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தோடு அது சீடா என்ற அதிகாரசபை ஆகிவிட்டது. உங்கள் ஒப்பந்தத்திலும் விலைமாற்றம் பற்றி ஒரு வரி போட்டிருந்தால்...

கொட்டாஞ்சேனை கம்பி: பெயர் திருத்த மட்டும் ஓடி வருவார். போன வருடம், வேலை முடிந்தும் பிடித்து வைக்கிற ரிட்டென்ஷன் காசு இழுபடுகிறது என்று நான் கேட்டபோது இந்த வாய் எங்கே போனது?

கியூஎஸ் தம்பி: அது வேறு கதை.

கொந்தராத்து அண்ணை: எல்லாமே வேறு கதைதான். வட்டிக்கு எடுத்த காசைக் கல்லாக்கி வைப்பது மட்டும் முகாமைத்துவம். விடிய தெஹிவளையில் கொங்கிரீட் போடுகிறோம், முடித்துவிட்டு வருகிறேன். அதற்குள் அந்த ஆறு மாதம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தேடி வையுங்கள்.

புத்தளத்தான்: என் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.